சவரக்கத்தியும் சாணைக்கல்லும்: கூர்மைக் கலையின் வரலாற்றுக் குறிப்புகள்

அரபு அகராதிகளில் ஹா, தால், தால் என்னும் மூன்றெழுத்து வேரின் கீழ் வரும் சொற்களை ஒருசேரப் பார்ப்பவருக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. ‘ஹத்’ என்றால் எல்லை. அதுவே வாளின் விளிம்பும் ஆகும். ‘ஹாத்’ என்றால் கூரியது. ‘ஹதீத்’ என்றால் இரும்பு. திருக்குர்ஆனின் 57ஆம் அத்தியாயம் இப்பெயர் பெற்றது. இதே வேரிலிருந்து ‘இஸ்திஹ்தாத்’ என்றொரு சொல் பிறக்கிறது. நேர்ப்பொருள் ‘இரும்பைப் பயன்படுத்துதல்’. ஆனால் ஹதீஸ் நூல்களில் அது மறைவிட முடியை மழிப்பதைக் குறிக்கும். ஒரு சமுதாயம் மழித்தல் என்ற செயலுக்கு இரும்பின் பெயரையே சூட்டியிருக்கிறதென்றால், அந்த இரும்பு எத்துணைக் கூரியதாய் இருந்திருக்க வேண்டும்! மழுங்கிய கத்தி விறகு பிளக்க உதவலாம். உடலின் மென்மையான தோலின் மேல் அதனை ஓட்ட இயலாது. ஆக, இஸ்திஹ்தாத் வழக்கிலிருந்த வீட்டில் கூர் தீட்டும் வழக்கமும் இருந்தே தீரவேண்டும்.

சவரக்கத்திக்கு அரபியில் ‘மூஸா’ என்று பெயர். இறைத்தூதர் மூஸா (அலை) அவர்களின் பெயரோடு எழுத்தில் ஒத்திருப்பினும் இது வேறு சொல். இதன் வேர் எது, இது ஆண்பாலா பெண்பாலா என்பதில் மொழியிலக்கண அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. மழித்தலைக் குறிக்கும் ‘அவ்ஸா’ என்ற வினையிலிருந்து வந்தது என்பார் ஒரு சாரார். மறுப்பார் மறு சாரார். சாணைக்கல்லுக்கு ‘மிஸன்’ என்று பெயர். இதன் வேரோ இன்னும் சுவையானது. ‘ஸன்ன’ என்ற வினை கத்தியைத் தீட்டுவதையும் குறிக்கும், ஒரு வழிமுறையை ஏற்படுத்துவதையும் குறிக்கும். ‘ஸுன்னத்’ என்று நாம் நாள்தோறும் உச்சரிக்கும் சொல்லும் சாணைக்கல்லின் பெயரும் ஒரே வேரில் கிளைத்தவை. பாடம் நடத்தும்போது இதைச் சொன்னால் மாணவர்கள் ஒருகணம் புன்னகைப்பார்கள், பிறகு மறக்கமாட்டார்கள்.

சவரக்கத்தி என்றதும் இக்காலத்தவர் நினைவுக்கு வருவது முகச்சவரம். நம் பழைய நூல்களில் அதன் இடம் வேறு. ஹஜ், உம்ராக் கடமைகளின் முடிவில் தலைமுடி களைதல், பிறந்த குழந்தைக்கு ஏழாம் நாள் முடியிறக்கி அதன் எடைக்கு வெள்ளியைத் தர்மம் செய்தல், நாற்பது நாளைக்கு மேல் தள்ளிப்போடக் கூடாதென வரையறுக்கப்பட்ட உடல் தூய்மை ஆகியவற்றிலேயே அது பேசப்படுகிறது. தாடி பற்றிய சட்டப் பேச்சு இக்கட்டுரைக்குப் புறம்பானது.

இங்கே கவனிக்க வேண்டியது, தொடக்கக் காலத்தில் சவரக்கத்தி தொழிலாளியின் கருவியாக மட்டுமின்றி வீட்டுப் பொருளாகவும் இருந்தது என்பதாகும். ஹிஜ்ரி 4இல் (கி.பி. 625) ரஜீஉ நிகழ்ச்சியில் சிறைப்பட்டு மக்காவில் விற்கப்பட்ட குபைப் இப்னு அதீ (ரலி) அவர்களின் வரலாற்றை ஸஹீஹுல் புகாரி பதிவு செய்கிறது. கொலைக்களம் செல்லும் நாள் நெருங்கியபோது அவர் ஹாரிஸுடைய மகளிடம் மூஸா ஒன்றை இரவல் கேட்டார், அப்பெண்மணியும் கொடுத்தார். அவர் பார்க்காத வேளையில் அவருடைய சிறு மகன் தவழ்ந்து சென்று கைதியின் மடியில் அமர்ந்துவிட்டான். கத்தி குபைபின் கையில். தாய் வெலவெலத்துப் போனார். இக்குழந்தையை நான் கொன்றுவிடுவேன் என அஞ்சுகிறாயா, ஒருபோதும் அப்படிச் செய்யமாட்டேன் என்ற கருத்தில் அவர் ஆறுதல் சொன்னார். பிற்காலத்தில் அப்பெண்மணி, அவரைவிடச் சிறந்த கைதியைத் தாம் கண்டதில்லை என்று கூறிவந்தார். இந்நிகழ்ச்சியின் ஈமானியப் பாடங்களைப் பேசாத மேடையில்லை. வரலாற்று மாணவன் அதில் இன்னொன்றையும் காண்பான்: கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் நிலையில், ஒரு மக்கத்துப் பெண்ணின் வீட்டில் சவரக்கத்தி இருந்தது, ஓர் உயிரை மாய்க்கும் அளவுக்கு அது கூர்மையாகவும் இருந்தது.

பயணம் முடித்து வரும் ஆண்கள் இரவில் திடுமென வீட்டுக்குள் நுழையாமல் சற்றுத் தாமதிக்க வேண்டும் என்னும் நபிமொழியும் இதற்குச் சான்று. கணவன் வெளியூர் சென்றிருந்த பெண்கள் தலை வாரிக்கொள்ளவும் ‘இரும்பைப் பயன்படுத்தவும்’ அவகாசம் வேண்டும் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். வீட்டுக்குள் பெண்களே கையாண்ட கருவி அது. தீட்டியதும் அவர்களேதாம் என்று கொள்ள இடமுண்டு. ஏனெனில் குர்பானி கொடுக்க முற்பட்ட அண்ணல் நபி (ஸல்) அவர்கள், கத்தியைக் கொண்டுவருமாறும் அதைக் கல்லில் தீட்டித் தருமாறும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் சொன்னதையும், அன்னையார் அவ்வாறே செய்ததையும் ஸஹீஹ் முஸ்லிம் கூறுகிறது. அது அறுக்கும் கத்தி, சவரக்கத்தியன்று. ஆயினும், தீட்டுவதற்கென வெளியே யாரையும் தேடிப்போகவில்லை. வீட்டில் கல் இருந்தது, தீட்டத் தெரிந்த கை இருந்தது.

சவரக்கத்தியைத் தீட்டுவது அறுக்கும் கத்தியைத் தீட்டுவதினும் நுட்பமானது. அதன் கூறுகளை ஓரளவேனும் அறிந்தாலன்றிப் பின்வரும் வரலாறு விளங்காது. மனிதனின் முடி ஏறத்தாழ 50 முதல் 100 மைக்ரான் வரை தடிப்புள்ளது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நன்கு தீட்டிய சவரக்கத்தியின் விளிம்போ ஒரு மைக்ரானுக்கும் குறைவானது. சமையலறைக் கத்தியின் இரு பக்கங்களும் கூடுமிடத்தில் கோணம் 30 பாகையோ அதற்கு மேலோ இருக்கும். சவரக்கத்தியில் அது 15 பாகை அளவே. இத்தனை குறுகிய கோணத்தைக் கையின் மதிப்பீட்டை மட்டும் நம்பி ஒரே சீராகக் காப்பது எவராலும் ஆகாது. அதனால்தான் கத்தியின் முதுகைத் தடிப்பாக வைத்தான் கொல்லன். அலகின் அகலம் 16 மில்லிமீட்டரும் முதுகின் தடிப்பு 4 மில்லிமீட்டருக்குச் சற்று மேலும் இருந்தால், முதுகையும் விளிம்பையும் ஒருசேரக் கல்லில் படிய வைத்த மாத்திரத்தில் கோணம் தானாக அமைந்துவிடும். முதுகைக் கல்லிலிருந்து தூக்கலாகாது என்பதே தீட்டுபவனுக்கு முதல் விதி. தூக்கினால் கோணம் விரியும், விளிம்பு மழுங்கும். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர் யாரென்று வரலாறு பெயர் சொல்லவில்லை. சொல்லப்படாத அப்பெயருக்குரியவர் ஒரு பெரும் பொறியாளர் என்பதில் எனக்கு ஐயமில்லை.

கல்லில் தீட்டும்போது விளிம்பு முன்னே செல்ல வேண்டும். கல்லிலிருந்து மெல்லிய ஏட்டைச் சீவி எடுப்பதுபோல. கல் பெரும்பாலும் அலகைவிடக் குறுகலாக இருக்குமாதலால், அடிப்பகுதியில் தொடங்கி நுனிப்பகுதியில் முடியுமாறு சாய்வாக இழுக்க வேண்டும். இழுப்பின் முடிவில் கத்தியைத் திருப்பும்போது முதுகின் மேல் உருட்ட வேண்டும், விளிம்பின் மேல் உருட்டக் கூடாது. அழுத்தம் கத்தியின் சொந்த எடையளவே போதும். நம் நாட்டில் எண்ணெயும் நீரும் இரண்டுமே கல்லுக்கு இடும் வழக்கம் உண்டு. எண்ணெய் பழகிய கல்லுக்குப் பிறகு நீர் ஒவ்வாது. இன்று விற்கப்படும் செயற்கைக் கற்களில் பரல் எண் 1000 உடையது விளிம்பை அமைக்க, 4000 முதல் 8000 வரை கீறல்களை மாற்ற, 12000 அளவுடையது மெருகூட்ட என்பது பொதுவான வரிசை. முதல் கல்லிலேயே இரு பக்கத்துச் சரிவும் விளிம்பின் முழு நீளத்துக்கும் சந்தித்துவிட்டனவா என்று பார்த்துக்கொள்ளாமல் அடுத்த கல்லுக்குப் போவது வீண் வேலை. நன்றாகத் தீட்டப்படாத கத்தியை எத்தனை மெருகிட்டாலும் அது பளபளக்கும், வெட்டாது. கல்லும் தேய்ந்து நடுவில் குழியும். குழிந்த கல்லில் நேரான விளிம்பு பிறக்காது. ஆகவே அவ்வப்போது கல்லைச் சமப்படுத்த வேண்டும்.

கல்லுக்குப் பின் தோல்வார். இங்கே திசை மாறுகிறது: முதுகு முன்னே, விளிம்பு பின்னே. மறந்து விளிம்பை முன்னே செலுத்தினால் வார் அறுபடும், கூரும் போகும். வாரைத் தளரவிடாமல் இறுக்கிப் பிடிக்க வேண்டும். கத்தியை அதில் அழுத்தக் கூடாது. தளர்ந்த வாரில் தோல் விளிம்பைச் சுற்றி வளைந்து அதை உருண்டையாக்கிவிடும். முதலில் துணிப்பட்டையிலும் பின்னர் தோலிலும் 30 முதல் 50 முறை இழுப்பது வழக்கம். கல் உலோகத்தைத் தேய்த்து அகற்றுகிறது. தோலோ, நுண்ணிய பிசிறுகளை நேராக்கி விளிம்பைச் சீர்ப்படுத்துகிறது. கல்லின் தேவை சில மாதங்களுக்கு ஒருமுறை. தோலின் தேவை ஒவ்வொரு மழிப்புக்கும் முன்னால். ஒற்றை முடியை விரல் நுனியில் தொங்கவிட்டு விளிம்பில் தொட்டால் அது ஓசையின்றி அறுபட வேண்டும் என்பது பழைய சோதனை. வேலை முடிந்ததும் கழுவித் துடைத்து, ஒரு சொட்டுத் தையல் இயந்திர எண்ணெய் பூசி வைக்காவிடில், நம் கடற்கரை ஊர்களின் காற்றில் இரண்டே நாளில் துரு கண்டுவிடும்.

எஃகு முடியைவிட ஏறத்தாழ 50 மடங்கு கடினமானது. அப்படியிருக்க, முடியை வெட்டி எஃகு ஏன் மழுங்குகிறது? இவ்வினாவுக்குத் தெளிவான விடை மிக அண்மையில்தான் கிடைத்தது. 2020இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, விளிம்பு சீராகத் தேய்வதைவிட, முடி வளைந்து சாய்கையில் எஃகின் கட்டமைப்புச் சமமின்றி இருக்கும் இடங்களில் நுண்ணிய சில்லுகள் பெயர்வதே முக்கியக் காரணம் என்று காட்டியது. ஒரே சீரான எஃகு வேண்டும் என்று பழைய கொல்லர்களும் நாவிதர்களும் அலைந்ததற்குப் பொருள் இதுவே.

அந்த எஃகின் வரலாற்றில் நம் மண்ணுக்கும் பங்குண்டு. ஒன்பதாம் நூற்றாண்டு பக்தாதில், கலீஃபா முஃதஸிமின் (833-842) காலத்தில், அல்கிந்தி வாள்களின் வகைகளைப் பற்றி ஒரு சிறு நூல் இயற்றினார். இரும்பை அவர் இயற்கையில் கிடைப்பது, கலந்து உருக்கிச் செய்வது என்று பிரிக்கிறார். இயற்கையானதில் கடினமானதை ‘ஷாபுர்கான்’ என்றும் மென்மையானதை ‘நர்மாஹன்’ என்றும் பாரசீகப் பெயர்களால் சுட்டுகிறார்; இரண்டும் கலந்து பிறப்பதே ‘ஃபூலாத்’ எனும் எஃகு. வாள்வகைகளில் ஸரன்தீபின், அதாவது இலங்கையின் பெயரும் இடம்பெறுகிறது. இலங்கையின் சமனலவெவப் பகுதியில், பருவக்காற்றின் விசையாலேயே எரிந்த உலைகளின் வரிசையைக் கில் ஜுலெஃப் என்ற தொல்லியலார் அகழ்ந்து, 1996இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார். தமிழ்நாட்டில் கொடுமணல், மேல்சிறுவலூர் ஆகிய இடங்களிலும் பழங்கால இரும்பு, எஃகுத் தொழிலின் எச்சங்கள் கிடைத்துள்ளன. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ‘வூட்ஸ்’ என்ற பெயரில் இந்திய உருக்கு லண்டனை அடைந்தபோது, ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்னும் கத்தி வினைஞர் அதில் அறுவைக் கருவிகளும் சவரக்கத்திகளும் செய்து, இந்திய எஃகென்றே விளம்பரப்படுத்தி விற்றார். அவரோடு சேர்ந்து மைக்கேல் ஃபாரடே 1820, 1822 ஆகிய ஆண்டுகளில் எஃகுக் கலவைகளைப் பற்றிய ஆய்வுகளை வெளியிட்டார். மின்சாரத்தின் தந்தையென நாம் போற்றும் ஃபாரடே, தம் புதிய எஃகில் செய்த சவரக்கத்திகளை நண்பர்களுக்குப் பரிசளித்தவரும் ஆவார்.

கற்களின் பயணமும் நீண்டது. கிரீட் தீவின் எண்ணெய்க் கல்லை ரோமானிய அறிஞர் பிளைனி முதலாம் நூற்றாண்டிலேயே புகழ்ந்திருக்கிறார். பிற்காலத்தில் அது ஐரோப்பியச் சந்தைகளில் ‘துருக்கிக் கல்’ என்ற பெயரில் விற்றது. பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில் வெட்டப்படும், நுண்ணிய கார்னெட் மணிகள் செறிந்த மஞ்சள் கல்லுக்கு இன்றும் சவரக்கத்தி வைத்திருப்போர் நல்ல விலை கொடுக்கிறார்கள்.

இனி நகரத்திற்கு வருவோம். திமிஷ்கும் பக்தாதும் கெய்ரோவும் பெருத்தபோது மழித்தல் வீட்டைவிட்டுக் குளியல் மண்டபத்துக்குப் பெயர்ந்தது. ‘முஸய்யின்’ என்னும் நாவிதர் அங்கே தனித்தொழிலராய் நின்றார். ஸலாஹுத்தீன் அய்யூபியின் காலத்தில் வாழ்ந்த அஷ்ஷைஸரீ, சந்தைக் கண்காணிப்பாளர்களுக்கென எழுதிய ‘நிஹாயத்துர் ருத்பா’ என்ற ஹிஸ்பா நூலில், குளியல் மண்டபம் பற்றிய பகுதியிலேயே இவரையும் பேசுகிறார். முஸய்யின் கைவேகமும் தொழில் தேர்ச்சியும் உடையவராக இருத்தல் வேண்டும். அவருடைய இரும்பு நன்கு வெட்டுவதாக இருத்தல் வேண்டும். பணி நாளில் வெங்காயம், பூண்டு போன்ற வாய் நாற்றம் தருபவற்றை உண்ணலாகாது. மழுங்கிய கத்தியைச் சந்தை அதிகாரி கண்காணிக்க வேண்டிய குற்றமாகவே ஒரு நாகரிகம் கருதியிருக்கிறது! எடைக்கல்லைப் போலவே சவரக்கத்தியும் மக்கள் உரிமையோடு தொடர்புடையது என்பதே அதன் உட்கருத்து.

இம்மனிதரே பெரும்பாலும் குருதி உறிஞ்சும் ‘ஹஜ்ஜாம்’, கத்னா செய்பவர், பல் பிடுங்குபவர். ஆயிரத்தொரு இரவுகளில் வரும் பக்தாத் நாவிதன், அவசரத்தில் இருக்கும் இளைஞனுக்கு மழிக்க வந்து, கத்தியை எடுக்குமுன் வானியல் கருவியை எடுத்து நல்ல நேரம் கணிக்கத் தொடங்கிவிடுகிறான். நகைப்புக்காகப் படைக்கப்பட்ட பாத்திரம்தான். ஆனாலும் அந்த நகைப்புக்குள் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது: நாவிதனுக்கு அறிவு இருப்பதே அங்கே வேடிக்கையாகிறது.

அறிவு இருந்தது என்பதற்கு நம்மிடையே ஒரு புகழ்பெற்ற சான்று உண்டு. ஹஜ்ஜின் கிரியைகளில் ஐந்து இடங்களில் தாம் தவறியதாகவும், ஒரு ஹஜ்ஜாம் அவற்றைத் தமக்குக் கற்பித்ததாகவும் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) கூறியதாக வகீஉ வாயிலாக ஒரு செய்தி வருகிறது. இப்னு கல்லிகான் அதை அதாஉ இப்னு அபீ ரபாஹ் அவர்களின் வாழ்க்கைக் குறிப்பில் சேர்த்திருக்கிறார். இமாம் அவர்கள் கூலி பேசத் தொடங்கினார். வணக்கத்தில் பேரம் பேசுவதில்லை, உட்காருங்கள் என்றார் நாவிதர். கிப்லாவைவிட்டுத் திரும்பி அமர்ந்தார். கிப்லாவை நோக்கச் செய்தார். இடப்புறத்தைக் காட்டினார், வலப்புறத்தைக் கேட்டார். மௌனமாயிருந்தார், தக்பீர் சொல்லச் சொன்னார். எழுந்து புறப்பட்டார்; இரண்டு ரக்அத் தொழுதுவிட்டுச் செல்லுங்கள் என்றார். இதையெல்லாம் எங்கே கற்றாய் என்று வினவியபோது, அதாஉ அவர்கள் இப்படிச் செய்யக் கண்டேன் என்பது விடை. மக்காவின் மாபெரும் ஃபகீஹின் செய்முறை ஒரு தொழிலாளியின் கண் வழியாக இமாமுல் அஃழமை வந்தடைந்தது. வலப்புறத்தை முதலில் மழிப்பது, மினாவில் நபி (ஸல்) அவர்கள் தம் தலையை நாவிதரிடம் கொடுத்தபோது காட்டிய முறை என்பதை அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். ஹுதைபிய்யாவில் (ஹிஜ்ரி 6, கி.பி. 628) அன்னாருக்கு மழித்தவர் கிராஷ் இப்னு உமய்யா என்றும், இறுதி ஹஜ்ஜில் மழித்தவர் மஃமர் இப்னு அப்துல்லாஹ் என்றும் பெயர்கள் காக்கப்பட்டுள்ளன. கத்தியைப் பிடித்த கையின் பெயரை ஸீரா ஆசிரியர்கள் மறக்கவில்லை.

ஆனால் பிற்கால ஃபிக்ஹு நூல்களின் ‘கஃபாஅத்’ பகுதியைத் திறந்தால் காட்சி மாறுகிறது. திருமணப் பொருத்தத்தில் தொழிலையும் ஓர் அளவுகோலாக்கிய சட்ட அறிஞர்கள் தொழில்களை அடுக்கி வைத்தனர். நம் கடற்கரை ஊர்களில் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபின் அடிப்படை நூல்களுள் ஒன்றான இமாம் நவவீயின் (மறைவு 1277) ‘மின்ஹாஜ்’, குப்பை கூட்டுபவர், ஹஜ்ஜாம், காவல்காரர், இடையர், குளியல் மண்டபப் பணியாளர் ஆகியோர் தையற்காரர் மகளுக்கு நிகராகார் என்கிறது. ஹனஃபீ நூல்களிலும் இதையொத்த அடுக்குகள் உண்டு. இது வழக்காற்றைச் சார்ந்த கணிப்பு என்பதும், பெண்ணும் வலியும் இசைந்தால் இந்நிபந்தனை விலகிவிடும் என்பதும் அதே நூல்களில் உள்ளவையே. இமாம் மாலிக் அவர்களோ பொருத்தம் மார்க்கப் பற்றில்தான் என்று நிறுத்திக்கொண்டார்கள். பாடம் நடத்தும்போது அடுக்கை மனப்பாடம் செய்விக்கும் நாம், இந்த இரண்டையும் அதே அழுத்தத்தோடு சொல்லிக்கொடுக்கிறோமா என்று கேட்டுக்கொள்வது தகும்.

ஹதீஸின் சான்று வேறு திசையில் நிற்கிறது. அபூஹிந்த் (ரலி) ஹஜ்ஜாம். நபி (ஸல்) அவர்களுக்கு உச்சந்தலையில் குருதி எடுத்தவர். அவருக்குப் பெண் கொடுக்குமாறும் அவரிடம் பெண் எடுக்குமாறும் பனூ பயாளா கோத்திரத்தாரை அண்ணலார் பணித்ததை அபூதாவூத் பதிவு செய்கிறார். அடிமையாயிருந்த அபூதைபாவுக்கு உணவுத் தானியம் கூலியாக அளிக்கப்பட்டது. அவருடைய எசமானர்களிடம் பேசி அவர் செலுத்த வேண்டிய தொகையும் குறைக்கப்பட்டது. ஹஜ்ஜாமின் சம்பாத்தியம் இழிவானது என்ற பொருளில் வரும் அறிவிப்பும் உள்ளதுதான். அது ஹராமாயிருந்தால் கூலி கொடுத்திருக்கமாட்டார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அதற்கு வரம்பு கட்டிவிட்டார்கள்.

தொழிலாளர்கள் தமக்கென ஒரு மரபைத் தேடிக்கொண்டனர். உஸ்மானிய நகரங்களின் தொழிற்குழுக்களில் நாவிதர்களின் குலமுதல்வர் ஸல்மான் ஃபார்ஸீ (ரலி) என்ற நம்பிக்கை நிலவியது. வட இந்தியாவில் ஹஜ்ஜாம் சமூகத்தார் தம்மை ‘ஸல்மானி’ என்று அழைத்துக்கொள்வதும் இதன் தொடர்ச்சியே. வரலாற்று ஆதாரம் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. இழிவைத் துடைக்க ஒரு நபித்தோழரின் பெயரை நாட வேண்டிய நிலைக்கு அவர்களைத் தள்ளியது யார் என்பதே என் கேள்வி.

இலங்கையின் கிழக்குக் கரை முஸ்லிம்களிடையே முடியிறக்கவும் கத்னா செய்யவும் உரிய பரம்பரையினர் ‘ஒஸ்தா’ எனப்பட்டனர், கேரளத்தில் ‘ஒஸ்ஸான்’. ஒஸ்தா என்பது ‘உஸ்தாத்’ என்னும் பாரசீகச் சொல்லின் திரிபு. அரபுக் கல்லூரியில் மாணவர்கள் எங்களை அழைப்பதும் இதே சொல்லால்தான். ஒரே பட்டம். ஒன்றைச் சொல்லும்போது எழுந்து நிற்கிறார்கள். மற்றொன்றைச் சொல்லும்போது, அக்குடும்பத்தில் சம்பந்தம் செய்யத் தயங்கினார்கள். ஏழாம் நாள் பச்சிளம் தலையின் மேல் சவரக்கத்தியை ஓட்டும் கைக்குத் தேவைப்படும் தேர்ச்சி, ஓர் அரபு வாக்கியத்தின் இஃராபைப் பிரிக்கத் தேவைப்படும் தேர்ச்சிக்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று. இரண்டையும் ஓரளவு முயன்று பார்த்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

இந்தப் பிளவின் இருபக்கத்தையும் ஒரே குடும்பக் கதையில் காட்டுவது திமிஷ்க் நகரம். அங்கே பதினெட்டாம் நூற்றாண்டில் ஷிஹாபுத்தீன் அஹ்மத் இப்னு புதைர் என்ற நாவிதர் வாழ்ந்தார். 1741 முதல் 1762 வரை தம் நகரில் நடந்தவற்றை, ரொட்டி விலையேற்றம், ஆளுநர்களின் கொடுமை, நில நடுக்கம், அண்டைவீட்டார் மரணம் எல்லாவற்றையும், பேச்சுவழக்குக் கலந்த அரபியில் எழுதிவைத்தார். தமக்குத் தொழில் கற்பித்த ஆசானை, உலமாக்களை நினைவுகூரும் அதே மரியாதையோடு நினைவுகூர்ந்தார். அந்த ஆசான், பேரறிஞர் அப்துல் கனீ அந்நாபுலுஸீயின் (மறைவு 1731) தலைக்கு மழித்தவர். சுமார் நூறாண்டுக்குப் பின் முஹம்மத் ஸஈத் அல்காஸிமீ என்ற அறிஞர் அந்நூலைக் கண்டெடுத்து, நடையைச் செம்மைப்படுத்தி, மிகையெனத் தாம் கருதியவற்றை நீக்கிப் புதுக்கி எழுதினார். 1959இல் கெய்ரோவில் அச்சேறியது அந்தப் புதுக்கிய வடிவமே. நாவிதர் தம் கையால் எழுதிய குரலுக்கு நெருங்கிய பிரதி, டப்ளின் நகரின் செஸ்டர் பீட்டி நூலகத்தில் இருப்பது தெரியவந்தது. டானா சஜ்தி 2013இல் வெளியிட்ட ஆய்வுநூல் இரண்டையும் ஒப்பிட்டு, எவை வெட்டப்பட்டன என்று காட்டுகிறது. வெட்டப்பட்டவற்றில் நாவிதரின் சொந்த வாழ்க்கையும் அடக்கம்.

அல்காஸிமீயைக் குறை சொல்லி நகர்ந்துவிட முடியாது. அவருடைய தந்தை காஸிமும் நாவிதராகத் தொழில் செய்து பின்னர் ஆலிமானவர். ‘அல்ஹல்லாக்’ என்றே அழைக்கப்பட்டவர். நாவிதர் மகன் நாவிதரின் நூலைத் திருத்தினார். அதே அல்காஸிமீதான், திமிஷ்கின் கைத்தொழில்கள் அனைத்தையும் அகர வரிசையில் விளக்கும் ‘காமூஸுஸ் ஸினாஆத்திஷ் ஷாமிய்யா’வைத் தொடங்கியவர். அவருக்குப்பின் அவர் மகன் ஜமாலுத்தீன் அல்காஸிமீயும் கலீல் அல்அழ்மும் முடித்த அந்நூலில் 400க்கு மேற்பட்ட தொழில்கள் பதிவாகியுள்ளன. நாவிதத் தொழிலும் அவற்றுள் ஒன்று. தஃப்ஸீர் எழுதிய கை தொழில்களையும் எழுதியது.

ஐரோப்பாவில் இதற்கிடையே கத்தி மீண்டும் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. 1769இல் பாரிஸ் கத்தி வினைஞர் ஜான் ஜாக் பெரே, தனக்குத் தானே மழித்துக்கொள்ளக் கற்பிக்கும் நூலொன்றை வெளியிட்டார். நாவிதரை விட்டவன் நாவிதரின் கல்லையும் வாரையும் கற்றாக வேண்டுமல்லவா? அந்தத் தேவையில் ஒரு வணிகமே தழைத்தது. 1790களில் லண்டனில் ஜார்ஜ் பேக்வுட் என்பவர் தோல்வாருக்கும் அதில் பூசும் பசைக்கும் செய்தித்தாள்களில் கதைகளும் பாட்டுகளுமாக விளம்பரம் செய்து, அவற்றைத் திரட்டி 1796இல் நூலாகவும் போட்டார். ஷெஃபீல்டும் சோலிங்கனும் உலகெங்கும் கத்தி அனுப்பின. அலகின் இருபக்கமும் குழிவாகக் கடைந்த மெல்லிய கத்திகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரவியபின் தீட்டும் உழைப்பு குறைந்தது.

பிறகு அந்த உழைப்பே வேண்டாம் என்றார் கிங் ஜில்லெட். 1901இல் நிறுவனம் தொடங்கினார். 1903இல் விற்றவை 51 கருவிகளும் 168 பிளேடுகளும் மட்டுமே. முதல் உலகப் போரில் அமெரிக்க இராணுவம் இலட்சக்கணக்கில் வாங்கியதும் தீட்டாமல் வீசியெறியும் பழக்கம் உலகப் பழக்கமாயிற்று. எய்ட்ஸ், கல்லீரல் அழற்சி ஆகியவற்றைப் பற்றிய விழிப்புணர்வு வந்தபின் நம் ஊர் முடிதிருத்தும் கடைகளிலும் பழைய கத்தி மறைந்து, பாதி பிளேடு செருகும் பிடி வந்தது. அது நன்மையே, பலர் மேல் ஓடும் கத்தியைத் தோல்வாரால் தூய்மை செய்ய முடியாது. மினாவிலும் பொதுக் கத்தியைத் தவிர்க்குமாறும் அனுமதி பெற்ற நாவிதர்களையே நாடுமாறும் சவூதி சுகாதாரத் துறை ஹாஜிகளை அறிவுறுத்துகிறது. பழைய சவரக்கத்திக்கு இன்று எஞ்சியுள்ள தக்க இடம், ஒருவர் ஒன்றையே வைத்துத் தாமே தீட்டிக்கொள்ளும் வீடுதான்.

ஆனால் தீட்டத் தெரிந்த தலைமுறை போய்க்கொண்டிருக்கிறது. கீழக்கரையிலோ காயல்பட்டினத்திலோ காத்தான்குடியிலோ, உங்கள் ஊரில் கத்தியும் கல்லும் வாரும் பழகிய முதியவர் ஒருவர் இன்னும் இருக்கக்கூடும். காஸிமீ குடும்பத்தார் திமிஷ்குக்குச் செய்ததில் சிறு பங்கையேனும் நம் ஊர்களுக்குச் செய்ய விரும்பும் ஆய்வு மாணவர்கள் அவரிடம் போய் உட்காரலாம். கல்லை அவர் என்ன பெயரால் அழைத்தார், அது எங்கிருந்து வந்தது, எண்ணெய் இட்டாரா நீர் இட்டாரா, வார் எந்தத் தோலில் செய்தது, குழந்தையின் தலைக்கென்று தனிக்கத்தி வைத்திருந்தாரா, தொழிலை யாரிடம் கற்றார், கற்பித்தவரின் பெயர் என்ன என்று கேட்டு, அவர் சொல்லும் சொற்களைத் திருத்தாமல் அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும்.